குழந்தைகள் நலக் குழு முன் நம் வீட்டுப் பிள்ளை: சொந்தக்காரர்கள் முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் அப்பா குடியில் விழுந்து, அம்மாவும் இல்லாமல் போன வீட்டுப் பிள்ளைகள். திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்தில் வழி தவறிப்போன சிறுவன். சத்தியமங்கலம் மலைப்பக்கம் பதினைந்து வயதில் கல்யாணம் பேசி முடிக்கப்பட்ட பெண். ஈரோடு ஜங்ஷன் பிளாட்பாரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளை. கதை வேறு வேறாக இருந்தாலும் இவர்கள் எல்லாரும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: அந்தந்த மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு.

“பிள்ளையைக் கவர்மென்ட்டுல எடுத்துக்கிட்டாங்க” என்று ஊரில் சொல்வார்கள். அதோடு கை கழுவிவிடும் குடும்பமும் உண்டு, ஹோம் வாசலில் போய் சண்டை போடும் குடும்பமும் உண்டு. இரண்டுமே குழந்தைக்கு உதவாது. சட்டம் குடும்பத்தின் பக்கம் சாய்ந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. ஆனால் குழுவுக்குத் தெரிவது கோப்பில் இருப்பது மட்டும். அம்மாயி (அம்மாவின் அம்மா) இருக்கிறார், மாமன் இருக்கிறார், அத்தை வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்பதெல்லாம் கோப்பில் ஏறவில்லை என்றால், அந்தப் பிள்ளைக்கு யாருமில்லை என்றே முடிவாகும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கோப்பைப் பற்றியதுதான்.

எந்த வழக்கு என்று முதலில் கேளுங்கள்

18 வயது நிரம்பாத எல்லாரும் சட்டத்தின் கண்ணில் குழந்தைகள். அவர்களில் இரண்டு வகை உண்டு. குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளை இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவார். கவனிப்பாரற்றவர், ஓடிப்போனவர், காணாமல் போனவர், வேலையிலிருந்தோ பிச்சையிலிருந்தோ மீட்கப்பட்டவர், வீட்டிலேயே அடி உதைக்கு ஆளானவர், குழந்தைத் திருமண ஆபத்தில் இருப்பவர் போன்றோர் குழந்தைகள் நலக் குழுவுக்கு வருவார்கள். இங்கே பேசுவது இரண்டாவது வகை. நலக் குழுவுக்கு வந்த பிள்ளை எந்தத் தப்பும் செய்யவில்லை, அவர் மேல் வழக்கும் இல்லை. இதைப் பிள்ளையிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். போலீஸ் அழைத்து வந்ததாலேயே தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதாகப் பயந்துபோயிருக்கும்.

குழுவில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். அவர்களில் குறைந்தது ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. ஆனால் அது கோர்ட் போல நடக்கக் கூடாது. உயரமான மேடையோ கூண்டோ இருக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். ஆகவே “அடுத்த மாசம் வாங்க” என்று வாசலில் யாராவது திருப்பி அனுப்பினால், அடுத்த அமர்வு எந்தத் தேதியில் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

முதல் 24 மணி நேரம்

குழந்தை கைக்கு வந்த நேரத்திலிருந்து, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் குழு முன் நிறுத்த வேண்டும். போலீஸ், 1098 (குழந்தைகள் உதவி எண்) பணியாளர், மருத்துவமனை, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என யார் வேண்டுமானாலும் அழைத்து வரலாம். குழந்தை தானாகவும் வரலாம். குழு கூடாத நாளாக இருந்தால் ஓர் உறுப்பினரின் முன் நிறுத்தினாலும் போதும். இரவில் பிள்ளை கிடைத்தால் பக்கத்தில் உள்ள இல்லத்தில் தங்கவைத்துவிட்டு, 24 மணி நேரத்துக்குள் குழுவுக்கு அழைத்து வர வேண்டும்.

தனியாக நிற்கும் பிள்ளையைப் பார்த்த பொதுமக்களுக்கும் கடமை உண்டு. பாதுகாவலரிடமிருந்து பிரிந்ததாகத் தெரியும் பிள்ளையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் 1098-க்கோ போலீசுக்கோ நலக் குழுவுக்கோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு. பாவம் என்று வீட்டில் வைத்துச் சோறு போட்டு வளர்க்க ஆரம்பித்துவிடும் நல்ல மனசுக்காரர்கள் நம் பக்கம் நிறைய. அந்தப் பிள்ளையைத் தேடி ஒரு தாய் வேறு மாவட்டத்தில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்துகொண்டிருக்கலாம். சோறு போடுங்கள், கூடவே தகவலும் கொடுங்கள்.

சொந்தக்காரர்கள் இந்த 24 மணி நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே. குழு கூடும் இடத்துக்கு நேரில் போய், ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுங்கள். குழந்தையின் பெயர், வயது, உங்கள் உறவு, முகவரி, போன் நம்பர், “குழந்தையை வைத்துப் பராமரிக்க விருப்பமாக இருக்கிறேன், விசாரணையில் என்னையும் கேட்க வேண்டும்” என்ற வரி. இன்னொரு பிரதியில் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இது ஆதாரம். நாளைக்கு “யாரும் வரவில்லை” என்று எவரும் சொல்ல முடியாது.

விசாரணை முடியும்வரை பிள்ளை எங்கே இருக்கும்?

முதல் நாளே குழு ஓர் இடைக்கால உத்தரவு போடும். பிள்ளையை இல்லத்துக்கோ தகுதியான வேறு நிறுவனத்துக்கோ தகுதியான ஒரு நபரிடமோ அனுப்பலாம். இந்த மூன்றாவது வழி பலருக்குத் தெரிவதில்லை. சரிபார்த்த பிறகு ஒரு சொந்தக்காரரைத் தற்காலிகமாகக் குழந்தையை வைத்திருக்கத் தகுதியானவர் என்று குழு அங்கீகரிக்க முடியும். கேட்டால்தான் பரிசீலிப்பார்கள். மனுவிலேயே கேளுங்கள்.

அண்ணன் தங்கை என்று இரண்டு பிள்ளைகள் இருந்தால், ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி இல்லங்கள் என்பதால் பிரிந்துபோக வாய்ப்பு அதிகம். அம்மாவை இழந்த ஐந்து வயதுத் தங்கைக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆள் அவளுடைய அண்ணன். இருவரையும் சேர்த்து வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால் வாரம் ஒருமுறையாவது பார்க்கவைக்கக் கேளுங்கள்.

அந்த 15 நாள்

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். சமூகப் பணியாளரோ குழந்தைகள் நல அலுவலரோ வீட்டுக்கு வந்து சமூக விசாரணை அறிக்கை தயாரிப்பார். இதை 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். குழுவின் இறுதி உத்தரவு இந்த அறிக்கையின் மேல்தான் நிற்கும்.

நம் ஊர்ப் பேச்சு வழக்கே இங்கே நமக்கு எதிராகப் போய்விடும். வந்தவர் கேட்பார்: “பேரனைப் பாத்துக்க முடியுங்களாம்மா?” அம்மாயி, பெரிய மனுஷர் வந்திருக்கிறார் என்ற மரியாதையில், “என்னாலே என்னங்க ஆகும் சாமி, வயசாயிப் போச்சு, ஏதோ கடவுள் விட்ட வழி” என்பார். சொன்னது பணிவு. எழுதப்படுவது, “பாட்டி பராமரிக்க இயலாது எனத் தெரிவித்தார்.” அந்த ஒரு வரியை மாற்ற அப்புறம் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ஆகவே நேராகச் சொல்லப் பழக்குங்கள்: “நான் பாத்துக்கறனுங்க. மகனும் மருமகளும் கூடவே இருக்கறாங்க. பள்ளிக்கூடம் பக்கத்துலயே இருக்குது.” பயமோ சங்கடமோ இருந்தால் அதையும் சொல்லலாம், ஆனால் “முடியும்” என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

எடுத்து வைக்க வேண்டியவை: குழந்தையின் பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், அம்மாவோ அப்பாவோ இறந்திருந்தால் இறப்புச் சான்று, பிள்ளையோடு எடுத்த பழைய போட்டோக்கள், தடுப்பூசி அட்டை, வீட்டு வாடகை ஒப்பந்தமோ வரி ரசீதோ. பிறப்புச் சான்று இல்லாவிட்டால் பதற வேண்டாம். பள்ளிச் சான்றே வயதுக்கு முதல் வரிசை ஆதாரம். பள்ளிச் சான்று இல்லாதபோதுதான் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்றைப் பார்ப்பார்கள். இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை.

வீட்டில் என்ன பார்ப்பார்கள்? பணம் எவ்வளவு என்பதைவிட, பிள்ளை எங்கே தூங்கும், யார் பள்ளிக்கு அனுப்புவார், குடிக்கிறவர் வீட்டில் இருக்கிறாரா, பெண் பிள்ளை என்றால் பகலில் வீட்டில் யார் என்பதைத்தான். ஓட்டு வீடு என்பதோ தறி ஓட்டும் குடும்பம் என்பதோ குறையாகாது. வறுமை மட்டுமே காரணமாகக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்பதற்காகத்தான் உதவித்தொகைத் திட்டங்களே இருக்கின்றன. ஆனால் அப்பா குடித்துவிட்டு அடித்தார் என்பது உண்மையானால் மறைக்காதீர்கள். பிள்ளை அதை ஏற்கெனவே சொல்லியிருக்கும். நீங்கள் மறைத்தால், அப்பாவைக் காப்பாற்றுவதுதான் உங்கள் கவலை என்று அறிக்கையில் ஏறும். “அவர் இந்த வீட்டுக்கு வர மாட்டார், வந்தால் இன்னது செய்வோம்” என்று திட்டம் சொல்லுங்கள். அதுதான் எடுபடும்.

பள்ளித் தலைமை ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர் ஆகியோரிடம் அலுவலரைப் பேசச் சொல்லுங்கள். தெருவில் நாலு பேர் கையெழுத்துப் போட்ட பொதுமனுவைவிட, “பாட்டிதான் தினமும் விட்டுப் போவார்” என்ற ஆசிரியர் சொல்லுக்கு எடை அதிகம்.

குழந்தையின் வாய்ப்பேச்சு

தன்னைப் பற்றிய முடிவில் தன் கருத்தைச் சொல்ல ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை உண்டு. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். தனியாக, யாரும் முறைக்காமல், தன் மொழியில் பேச வேண்டும். திருப்பூரில் மீட்கப்படும் பிள்ளைகளில் ஒடியாவோ இந்தியோ பெங்காலியோ மட்டும் தெரிந்தவர்கள் உண்டு. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பதிவான வாக்குமூலத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள், ஒருவரை ஏற்பாடு செய்யக் கேளுங்கள்.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டாம். ஒப்பித்த வாக்கியம் எந்த உறுப்பினருக்கும் உடனே தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம், வீட்டில் நடந்த ஏதோ ஒன்றை வெளியே சொல்ல அந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அதுவாக இருக்கலாம். அதை நாம் அடைக்கக் கூடாது.

இறுதி உத்தரவு

முதன்முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு வர வேண்டும். வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது (கண்காணிப்போடோ இல்லாமலோ), தகுதியான நபரிடம் விடுவது, வேறொரு குடும்பத்தில் வளர்ப்புப் பராமரிப்பில் வைப்பது, இல்லத்தில் சேர்ப்பது, நிதி ஆதரவு கொடுப்பது, சிகிச்சைக்கும் படிப்புக்கும் சட்ட உதவிக்கும் ஆணையிடுவது என்று பல வழிகள் உண்டு. இவற்றில் வீட்டுக்குத் திருப்புவதே முதல் நோக்கம்.

பணம்தான் தடை என்றால் அதைச் சொல்லிக் கேட்க வெட்கப்பட வேண்டாம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவாக ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். கைம்பெண், கணவன் கைவிட்டவர், கடும் நோயாளி ஆகியோரின் பிள்ளைகளும், சொந்தக்காரர் வீட்டில் வளரும் அநாதைப் பிள்ளைகளும் இதில் வருவார்கள். தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. எந்தத் திட்டம் பொருந்தும் என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள்.

இல்லத்தில் இருக்கும்போது

இல்லம் பதிவு பெற்றதா என்று முதலில் பாருங்கள். பதிவில்லாமல் குழந்தைகளை வைத்து நடத்துவது ஓராண்டு வரை சிறைக்கோ ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதத்துக்கோ உரிய குற்றம். டிரஸ்ட் போர்டு மாட்டியிருப்பது பதிவாகிவிடாது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதியிருக்க வேண்டும். படிப்பு, மருத்துவம், மனநல ஆலோசனை, அடையாளச் சான்று வாங்கித் தருவது எல்லாம் இல்லத்தின் கடமை. அடிப்பதும் பட்டினி போடுவதும் குற்றம்.

வீட்டில் சாவு, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், பெற்றோருக்குக் கடும் நோய், தேர்வு போன்ற சமயங்களில், பயண நாள் போக, பொதுவாக ஏழு நாள்வரை பிள்ளையை வீட்டுக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்பிச்சி (அம்மாவின் அப்பா) செத்த அன்றுகூடப் பேரனை அழைத்து வர முடியாது என்று நினைத்து அழும் குடும்பங்கள் இருக்கின்றன. மனு கொடுங்கள், கூட்டி வர முடியும்.

பிள்ளையின் சொந்த ஊர் வேறு மாவட்டமோ மாநிலமோ என்றால், அந்த ஊர்க் குழுவுக்கு மாற்றக் கேட்கலாம். பாலக்காட்டில் கிடைத்த கோவைப் பிள்ளைக்கும், அவிநாசியில் மீட்கப்பட்ட ஜார்க்கண்ட் பிள்ளைக்கும் இது பொருந்தும். அனுப்பும்போது உடன் ஆள் போக வேண்டும். பெண் பிள்ளை என்றால் பெண் ஒருவர் போக வேண்டும் என்று கேளுங்கள்.

தத்து: தேதியைக் கவனியுங்கள்

இது கனமான பகுதி. அநாதையாகவோ கைவிடப்பட்டதாகவோ வந்த குழந்தைக்கு இரண்டு வயதுக்குள் என்றால் இரண்டு மாதத்திலும், அதற்கு மேல் என்றால் நான்கு மாதத்திலும் தத்துக்குச் சட்டப்படி தகுதியானவர் என்று குழு அறிவிக்க முடியும். அதற்குமுன் பெற்றோரைத் தேட வேண்டும். அறிவிப்பு வந்துவிட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம். குழந்தையைத் தேடுகிறவர்கள் நாள் கடத்தக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

வளர்க்கவே முடியாத நிலையில் ஒரு தாய் குழந்தையை ஒப்படைப்பதற்கும் நேர்மையான வழி உண்டு. குழு முன் வந்தால் ஆலோசனை கொடுத்து, ஒப்படைப்புப் பத்திரம் எழுதி வாங்குவார்கள். அதற்குப் பிறகும் மனம் மாறத் தாய்க்கு இரண்டு மாதம் அவகாசம் உண்டு. வேறு வழியில்லாமல் கைவிட நேர்ந்த பெற்ற தாயைக் கொடுமைக் குற்றத்தில் தண்டிக்கக் கூடாது என்றும் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்ல வழி செய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் முதலில் வந்தது நம் சேலத்தில்தான்.

இதற்கு வெளியே யார் மூலமாகக் கொடுத்தாலும் வாங்கினாலும் குற்றம். முறைப்படி இல்லாத தத்துக்கு மூன்றாண்டு வரையும், விலைக்குக் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்தாண்டு வரையும் சிறை. 2019-இல் ராசிபுரத்தில் வெளியான குழந்தை விற்பனை வழக்கை யாரும் மறந்திருக்க முடியாது. “ஆஸ்பத்திரியிலேயே பேசி முடிச்சிடலாம்” என்று வருகிறவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் 1098-க்குச் சொல்லுங்கள்.

முடிவு சரியில்லை என்றால்

உத்தரவின் நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள். உத்தரவு தேதியிலிருந்து 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு, பிற்காப்பு (18 முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்கான உதவி) பற்றிய முடிவுகளுக்கு மட்டும் மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும். அதற்கும் மேலே உயர்நீதிமன்றத்தில் சீராய்வு. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், நீலகிரிக்காரர்கள் சென்னைக்குப் போக வேண்டும், கரூர்க்காரர்கள் மதுரைக் கிளைக்கு.

குழு கூடவில்லை, மனுவை வாங்கவில்லை, தேதி மேல் தேதி போகிறது என்ற குறைகளுக்கு ஆட்சியரே குறைதீர் அதிகாரி. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். குழந்தைக்கும் பெண்ணுக்கும் வருமான வரம்பே கிடையாது. அம்மாயி மனுதாரர் என்றால், பெண் என்பதாலேயே அவருக்கும் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

பெயரும் படமும்

காணாமல் போன பிள்ளை கிடைத்துவிட்டது என்று வாட்ஸப் குரூப்பில் போட்டோவோடு சுற்றவிடுவது அன்பில் செய்வதுதான். ஆனால் நலக் குழுவுக்கு வந்த குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. அந்தப் பிள்ளை அதே பள்ளிக்குத்தான் திரும்பப் போக வேண்டும். கிடைத்த அன்றே பழைய பதிவுகளை நீக்கச் சொல்லுங்கள்.

பாலியல் கொடுமை சம்பந்தப்பட்டிருந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டமும் சேரும். போலீஸ் 24 மணி நேரத்துக்குள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடுமானவரை பெண் அதிகாரி வாக்குமூலம் வாங்க வேண்டும். வழக்கு முடியும்வரை கூட இருக்க ஓர் ஆதரவு நபரைக் குழு நியமிக்க முடியும், கேட்டு வாங்குங்கள். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிக்கும் விஷயம் அல்ல இது. தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

18 ஆகும்போது

இல்லத்தில் வளர்ந்த பிள்ளை 18 முடிந்த மறுநாளே தெருவில் நிற்க வேண்டியதில்லை. 21 வயதுவரை, தேவைப்பட்டால் 23 வரை, பிற்காப்பு உதவி உண்டு. மிஷன் வாத்சல்யாவில் இதற்கும் மாதம் 4,000 ரூபாய். இதற்கான ஏற்பாட்டை 17 வயதிலேயே தொடங்க வேண்டும். ஆதார், சாதிச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, வங்கிக் கணக்கு நாலும் பிள்ளையின் பெயரில் இருக்கிறதா என்று இல்லக் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள். சாதிச் சான்றுக்குப் பெற்றோர் ஆவணம் கேட்பார்கள், அது பெரும்பாலும் சொந்தக்காரர் வீட்டுப் பெட்டியில்தான் கிடக்கும். எடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சேர்க்கைக்கான விண்ணப்பம் கோடை விடுமுறையில் வந்துவிடும், அதற்குள் கையில் இருக்க வேண்டும்.